வாசல் வாசலாகக் கேட்ட பெயர்

இந்த நாட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் காரிலேயே உட்கார்ந்து 'வெளியே இருக்கிறேன்' என்று செய்தி அனுப்புகிறார்கள். பொட்டலம் கொண்டுவருகிறவர் அதை வாசலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கதவு சும்மாதானே இருக்கிறது, தட்டினால் என்ன குறைந்துபோகும் என்று வந்த புதிதில் நினைப்பேன். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரு முற்றம், ஒரு குழாய், எதிரும் புதிருமாக எட்டு வாசல். தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவர்கள் வீடு மட்டும்தான் பகலில் சாத்தியிருக்கும். மற்ற வீடுகளில் தட்டுகிற பேச்சே இல்லை. குரல் முதலில் உள்ளே போகும், ஆள் பின்னால் போவார். ஒரு வீட்டில் கன்னடம், அடுத்த வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். குழாயடியில் மூன்றையும் கலந்து சண்டை போடுவோம்.

போன வாரம் நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பொதுச் சுகாதாரத்தைத் தொலைவிலிருந்தே படித்து முடித்த மாணவர்களுக்கு இந்த ஆண்டு இணையவழியில் பட்டமளிப்பு நடத்துகிறார்களாம். பழைய மாணவியாக நான் ஒரு நிமிடம் வாழ்த்திப் பேசிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டுமாம். "உங்கள் பட்டமளிப்பில் உங்கள் மொழியில் குடும்பத்துக்கு நன்றி சொன்னீர்களே, அதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அதுபோல இரண்டு வார்த்தை" என்று பேராசிரியை எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு முகம் கன்றிப்போனது. அன்று நான் சொன்னது நன்றி அல்ல.

தொற்றுக் காலத்தில் எங்களுக்கு நடந்த பட்டமளிப்பும் இணையத்தில்தான். அங்கியும் தொப்பியும் தபாலில் வந்தன. மேலே அங்கி, கீழே வீட்டில் போடுகிற கால்சட்டை. மேசைமேல் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப். முதலில் கொஞ்ச நேரம் குடும்பங்களோடு ஜூமில் முகம் காட்டி வாழ்த்திக்கொள்வது, பிறகு யூடியூப் நேரலையில் பெயர் வாசிப்பு. பெயரை அவரவரே தம் குரலில் சொல்லி முன்கூட்டி அனுப்பிவிட வேண்டும்; வெள்ளைக்காரர் வாயில் நம் பெயர் படுகிற பாடு மிச்சம். எழிலரசி முருகேசன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து அனுப்பினேன். இங்கே காலை என்றால் ஊரில் அந்தி. நீயும் அம்மாவும் பாருங்கள் என்று சொல்லித்தான் அப்பாவுக்கு இணைப்பை அனுப்பியிருந்தேன்.

ஜூமில் சதுரம் சதுரமாக முகங்கள் வந்தன. ஒவ்வொரு சதுரத்திலும் சோபாவில் இரண்டு பேர், சிலவற்றில் கூட ஒரு நாய். அப்பாவின் சதுரம் திறந்தபோது எங்கள் லைன் முழுக்க அதில் இருந்தது. நான்காவது வீட்டு மளிகைக்கடை பாய் தன் டிவியைச் சுமந்துவந்து எங்கள் வாசலில் வைத்து, அப்பாவின் போனை அதோடு இணைத்துவிட்டிருந்தார். பூப்பண்ணையில் வேலை செய்யும் ராதம்மா, ஊரடங்கில் விலைபோகாத ரோஜாவைக் கூடையோடு கொண்டுவந்திருந்தார். ஒட்டி ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், மடியில் குழந்தைகள், எல்லார் தாடையிலும் முகக்கவசம். அம்மா ஒவ்வொரு கையிலும் கேசரி வைத்துக்கொண்டே போனார். நடுவில் அப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். கடைசி வீட்டு நாகராஜு மாமாவுக்குப் பாசிட்டிவ் வந்து முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆனால் லைனில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு மற்ற வீடுகளைக் கூப்பிடாமல் இருப்பது என்று ஒன்று கிடையாது. கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். கூப்பிட்டால் வந்துதான் ஆக வேண்டும்.

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எவ்வளவு பெரிய குடும்பம்" என்றார். அவர் மனதாரச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குக் குத்திக்காட்டுவதாகப் பட்டது. கூட்டம் கூடாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லத்தான் இத்தனை படிப்பு. அந்தப் பட்டத்தைப் பார்க்க என் வீட்டிலேயே கூட்டம். மைக்கைத் திறந்தேன்.

"அப்பா, மொதல்ல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு. நாகராஜு மாமா ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. உனக்கு அறிவே இல்லியா?"

பாயின் டிவியில் என் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மற்ற சதுரங்களில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. கோபத்தில் நடுங்கிய என் குரலை, நன்றியில் தழுதழுப்பதாக எடுத்துக்கொண்டு எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு தாய் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைதட்டல் ஓயும்வரை அப்பா தலை குனிந்து நின்றார்.

பாய்தான் முதலில் எழுந்தார். "பாப்பா சொல்றது ஞாயந்தான முருகேசு. அவங்கவங்க வாசப்படியில நின்னு போன்ல பாத்துக்கலாம், எந்திரிங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த டிவியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக நீதான் வர வேண்டும் என்று சிரித்தார். ராதம்மா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி கூடையை எடுத்துக்கொண்டு போனார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சொன்ன விஷயம் சரிதான். இன்று இங்கே ஒரு சுகாதார அலுவலகத்தில் அதையேதான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறேன். ஆனால் 'தயவுசெய்து' போட்டு, 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று சேர்த்துச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற அந்த மரியாதை அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அன்று நோய்ப்பயம் எனக்குப் பாதிதான். மீதிப் பாதி, சோபாவும் நாயுமாக இருந்த அந்தச் சதுரங்களுக்கு நடுவே எங்கள் லைன் தெரிந்த வெட்கம். யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் அப்பாவிடம் கெஞ்சிச் சொல்லியிருப்பேன். அதை நினைக்கும்போதுதான் உடம்பு கூசுகிறது.

நாகராஜு மாமா பிழைத்து வந்தார். லைனில் வேறு யாருக்கும் தொற்று வரவில்லை. பிறகு ஒருநாள் போனில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்பா விடவில்லை. "அட விடு கண்ணு. எம்பொண்ணு பட்டம் வாங்கற அன்னிக்கே வேலய ஆரம்பிச்சுட்டாளுன்னு கம்பெனி பூரா சொல்லி வெச்சிருக்கறேன்" என்றார். நான் வேறு ஏதோ கேட்டு வைத்துவிட்டேன்.

நேற்று பதிவுசெய்ய உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் வாழ்த்து சரளமாக வந்தது. தமிழில் இரண்டு வார்த்தை என்று கேட்ட இடத்தில் நின்றுவிட்டேன். நினைவுக்கு வந்ததெல்லாம் என் பட்டமளிப்பு நாளின் அந்தியில் மிச்சமிருந்ததுதான். ஜூம் முடிந்து நேரலை தொடங்கியிருந்தது. அம்மாவின் போனில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்ததால் முற்றம் எனக்குத் தெரிந்தது. என் லேப்டாப்பில் என் பெயர் வந்தது, போனது, அடுத்த பெண்ணின் பெயர் வந்தது. ஊரில் அப்போதுதான் வரத் தொடங்கியது. ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு வேகம். பாய் வாசலில் என் குரல் 'எழிலரசி முருகேசன்' என்றது. கொஞ்சம் பொறுத்து ராதம்மா வாசலில், பிறகு எதிர் வரிசையில். கேட்ட வாசல் மட்டும் அப்போதைக்கப்போது கை தட்டியது. ராதம்மா தன் படியிலிருந்தே ரோஜா இதழ்களை அள்ளி டிவியைப் பார்த்து வீசினார்; அவை பாதி முற்றத்திலேயே விழுந்தன. காலி நாற்காலிகளுக்கு நடுவே அப்பா தனியாக நின்று, முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு, கை தட்டிய வாசலுக்கெல்லாம் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார். நான் இங்கே தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். அங்கே, நாகராஜு மாமாவின் பூட்டிய வீட்டுக்கு முந்தைய வாசலில், என் குரல் அப்போதுதான் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.