சுவரில் மாட்டிய சர்வரோக நிவாரணி

மருந்துக்கடைக்காரன் பிழைப்பு மருந்தை எடுத்துக் கொடுப்பது; வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தால் நம்மை யாருக்கும் பிடிக்காது. கடை வைத்திருக்கும் சகாக்களே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். சிதம்பரத்தில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் செல்போனில் ஏதாவது மருந்து விளம்பரத்தை நீட்டி, "இது நெசமா?" என்கிறார்கள். பதில் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரு பழைய பஞ்சாங்கத்தில் இருந்த நூறு வருஷத்து மருந்து விளம்பரத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன்.

சின்னப் புட்டி

தேள்கடி, மூலம், ஞாபகமறதி, குழந்தையின்மை எல்லாம் ஒரே புட்டியில் தீருமாம். படித்தால் சிரிப்பார்கள், சிரித்தால் புத்தி வரும் என்பது என் நினைப்பு. வழக்கமாக வரும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஞாபகமறதிக்கு மட்டும் தனியா சின்னப் புட்டி வருதா சார்?"

தூரத்துச் சாட்சி

விளம்பரத்தின் அடியில் குணமானவர்களின் கடிதங்கள் இருக்கின்றன. ஒருவர் ரங்கூன், ஒருவர் கொழும்பு, ஒருவர் டர்பன். மருந்து செய்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. மூட்டுவலி எண்ணெய் பற்றிக் கேட்க வந்த அம்மாவிடம் இதைக் காட்டி, நாம் போய் விசாரிக்க முடியாத இடத்தில்தான் சாட்சி இருப்பார் என்று விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ்ளோ தூரத்துல இருக்கறவுங்க எதுக்குங்க பொய் சொல்லப்போறாங்க?"

கட்டைவிரல்

சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, சுகர். மஞ்சக்குப்பம் மைதானத்துப் பொருட்காட்சியில் வாங்கிய பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டான். கால் கட்டைவிரலில் புண் ஆறவில்லை என்று பொடி டப்பாவோடு கடைக்கு வந்தவன், சுவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். நான் டப்பாவை வாங்கிப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். மூலம் முதல் குழந்தையின்மை வரை அதே நோய்கள், புதிதாகச் சுகர் மட்டும் சேர்ந்திருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கால் தப்பியது, விரல் போய்விட்டது. கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன்தான் என்னைத் தேற்றினான்.

"என் கதையையும் எழுதி அந்தப் படத்துக்குக் கீழ மாட்டுங்க மாமா. சேத்தியாத்தோப்புக்காரன், யார் வேணா வந்து விசாரிச்சிக்கலாம்னு போடுங்க."

மாட்டிவிட்டேன், அதைப் படித்துவிட்டு முதலில் விசாரித்தவர் கேட்டதோ, அந்தப் பொடி எங்கே கிடைக்கும் என்று.