கையைத் தூக்குங்க, சம்பந்தி

துணை நடிகன் வேலை என்பது, கேமரா வேறு பக்கம் பார்க்கும்போது வேர்க்க விறுவிறுக்க ஓடுவது. கூட ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இந்தப் படம், போதைப்பொடிக் கும்பலைப் போலீஸ் வேட்டையாடும் கதை. பாகூர் ஏரிப் பக்கம் தகரமும் தார்ப்பாயுமாகக் குடிசைகள் போட்டிருந்தார்கள். எனக்கு ஏட்டு வேஷம். முதல்முறையாக ஒரு வசனமும் உண்டு: "கையைத் தூக்குடா!" என் சம்சாரம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பேசாமல் வீட்டுக்குப் போக முடியாது.

பறிமுதல்

நாங்கள் பிடிக்க வேண்டிய பொடியைப் பொட்டலம் கட்டி ஒரு குடிசையில் வைத்திருந்தார்கள். உள்ளே வெறும் கோலமாவு. காலையில் பார்த்தால் பொட்டலமெல்லாம் காலி. குடிசைக்குக் குடிசை வாசலில் கோலம். குடிசைவாசியாக நடிக்க வந்த செல்வியின் வேலை. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். செல்வி அசரவில்லை.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசல் வெறிச்சுனு கெடந்தா, படம் எப்டிய்யா ஓடும்?"

துரத்தல்

செட்டுக் குழாயில் ஒரு காட்சிக்காக லாரித் தண்ணீரை விட்டார்கள். ஊர்ப் பெண்கள் நிஜக் குடத்தோடு வரிசைகட்டிவிட்டார்கள். முன்னால் ரவுடிகள், பின்னால் நாங்கள், நடுவில் குடங்கள். அரிவாளோடு புகுந்த ரவுடித் தலைவனை ஒரு அம்மா மறித்தாள்.

"வெட்டறத அப்பறம் வெட்டு. மொதல்ல வரிசைய வுட்டு வெளிய போ!"

கைது

என் முறை வந்தது. துப்பாக்கியை நீட்டினேன். ரவுடி திரும்பினான். பொய்த்தாடி, கன்னத்தில் தழும்பு. வேஷத்துக்குள்ளே இருந்தவர் மூலக்குளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் சம்பந்தி. அவர் பையனுக்குத்தான் என் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன். "டா" எப்படி வரும்?

"கையைத் தூக்குங்க" என்றேன். டைரக்டர் கத்தினார். மறுபடி எடுத்தார்கள். "கையைத் தூக்குங்க, சம்பந்தி" என்று வந்தது. அவரும் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். "வாங்க சம்பந்தி, டீ சாப்ட்டு அரெஸ்ட் பண்ணலாம்."

டைரக்டர் அழாத குறை.

"பெரியவரே, வாயை மட்டும் அசைங்க. கொரல நாங்க பாத்துக்கறோம்."

வெள்ளித்திரை

வில்லியனூரில் படம் போட்டார்கள். சம்சாரம் தெருவையே கூட்டி வந்தாள். முன்வரிசையில் சம்பந்தி குடும்பம். திரையில் என் வாய் அசைந்தது. எவனோ ஒருவன் இடி மாதிரி கத்தினான்: "கையைத் தூக்குடா நாயே!"

நாய் வசனத்திலேயே கிடையாது. சம்பந்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பெண் பெட்டியோடு வந்து நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன். சம்சாரம் எழுந்து நின்றாள்.

"அண்ணே, அது எங்க வூட்டுக்காரரு கொரலு இல்ல! இவருக்கு இன்னா, அம்மாந் தைரியமா இருக்குது?"

ரவுடியைப் பிடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, அவன் வீட்டில் பெண் கொடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.