இருபது பாயிண்ட் நாலு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஆனால் வாய்த்ததென்னவோ உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்கிற ஆலை ஒன்றில், லாரி அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை என் எதிரே ஒரு திரை. அதில் இந்தியாவின் வரைபடம். அதன்மேல் எங்கள் லாரிகள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு புள்ளி கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டால் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். டிரைவரைக் கூப்பிட்டு, "இன்னாண்ணா, அங்கயே குந்திக்கினு கீறீங்க?" என்று கேட்டால்தான் அது நிற்கும். டீ குடிக்கக்கூட விடமாட்டேன் என்கிறாள் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் புகார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைபடம் படிப்பது பற்றி எங்களுக்குச் சின்னதாக ஒரு பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த அம்மா, உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் எங்காவது இழுபடத்தான் செய்யும் என்றார். வடிவம் சரியாக வேண்டுமானால் பரப்பளவை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். பரப்பளவு சரியாக வேண்டுமானால் வடிவத்தை. நம் திரையில் இருப்பது வடிவத்தைக் காப்பாற்றுகிற வகை, அதனால் வடக்கே போகப் போக நாடுகள் ஊதிப் பெரிதாகிவிடும் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை பேர் படித்து என்ன பயன், பொய் சொல்லாத படம் ஒன்று போட முடியாதா என்று எழுந்து கேட்டே விட்டேன். "எதுல பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சா போதும்மா. அப்புறம் தைரியமா நம்பலாம்" என்று அந்த அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீடு பழவேற்காட்டில். என் வீட்டுக்காரர் நண்டு, இறால் வியாபாரம் செய்கிறார். அவர்கள் பரம்பரையே கரையில் நின்று சரக்கெடுக்கிற பரம்பரை. கடலுக்குள் போனவர் என்று ஒருவரும் கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு தெரிந்தவர் ஒருவருடைய ஃபைபர் படகில் அவர் பங்கு சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து, ஒரு தடவை நானும் போய்ப் பார்க்கிறேன் என்று ஒரே பிடிவாதம். குளத்தில் இறங்கினாலே கால் நடுங்குகிற மனுஷன். "மச்சான், உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆடி மாதக் காற்றில், விடியற்காலையில், படகை ஓட்டுபவரோடு ஏறிப் போய்விட்டார்.

நான் ஆலைக்குப் போய் உட்கார்ந்து, முதல் லாரியை அனுப்பியிருப்பேன். கொழுந்தனிடமிருந்து போன் வந்தது. கடலில் இன்ஜின் நின்றுவிட்டதாம். அண்ணன் கூப்பிட்டுச் சொன்னாராம், இருக்கிற இடத்தின் எண்ணை ஜி.பி.எஸ் கருவியில் பார்த்துப் படகோட்டி படித்துக் காட்டினாராம், அதற்குள் லைன் அறுந்துவிட்டதாம். அதற்கப்புறம் எத்தனை முறை போட்டாலும் கிடைக்கவில்லையாம்.

"ஒண்ணும் பேஜாரு இல்ல அண்ணி. நம்பரைப் போன்ல போட்டுப் பாத்துட்டேன். எண்ணூருக்கு எதிர்லதான் கீறாங்க, கிட்டத்துலயே. அந்தப் பக்கத்துப் பசங்களுக்குச் சொல்லிட்டேன், இந்நேரம் படகை எடுத்திருப்பாங்க" என்றான்.

கூடவே அந்த இடத்தை எனக்கு அனுப்பியும் வைத்தான். நீலக் கடலில் ஒரு சிவப்புக் குறி. கரைக்குப் பக்கத்தில், எட்டிப் பிடித்துவிடலாம் போலிருந்தது. எனக்கு உயிர் வந்தது. எண்ணூர் என்றால் கப்பல் போகிற வருகிற இடம், யார் கண்ணிலாவது பட்டுவிடுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. எண்ணூர்ப் படகுகள் அந்த இடத்துக்குப் போய்விட்டன, அங்கே யாரும் இல்லை என்று செய்தி வந்தது. சுற்றிப் பார்த்தும் இல்லை. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "எல்லாரும் துஆ செய்யுங்கள்" என்று போட்டார். அதைப் படித்ததும் உட்கார முடியவில்லை. எடைமேடைவரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். லாரி டிரைவர்கள் பில்லுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கு எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே தெரியாது. படகு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

கொழுந்தனை மறுபடி கூப்பிட்டேன். "அண்ணன் வேற இன்னா சொன்னாரு? ஒரு வார்த்த விடாம சொல்லு."

"அதான் சொன்னேனே அண்ணி. இன்ஜின் நின்னுபோச்சு, சுத்திமுத்திக் கரையே தெரியல, தண்ணிதான் கீதுன்னாரு."

கரையே தெரியவில்லையா? அவன் அனுப்பிய குறியைப் பார்த்தேன். அந்த இடத்தில் நின்றால் எண்ணூர் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தலைக்கு மேலேயே நிற்கும். பழவேற்காட்டுக் கரையிலிருந்தே அவற்றைப் பார்த்துப் பழகியவர் அவர். அது தெரியவில்லை என்று அவர் சொன்னால், அவர் அங்கே இல்லை. படகு மூழ்கவில்லை, குறிதான் தப்பு. எழுந்து நின்றுவிட்டேன்.

"படகு ஓட்டறவரு நம்பரை எப்படிச் சொன்னாரு? அப்படியே சொல்லு."

அவன் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். அதைப் போட்டுக் காட்டினான். காற்றிரைச்சலுக்கு நடுவே அந்த மனிதர் கத்திக்கொண்டிருந்தார்: "பதிமூணு டிகிரி, இருபது பாயிண்ட் நாலு! எண்பது டிகிரி, முப்பத்தஞ்சு பாயிண்ட் நாலு!"

"நீ இன்னா போட்டே?"

"பதிமூணு பாயிண்ட் இருபது நாலு. அதானே அண்ணி?"

அது இல்லை. ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், மணிக்கணக்கு மாதிரியேதான். படகுகளில் இருக்கிற கருவி டிகிரியையும் நிமிடத்தையும் தனித்தனியாகக் காட்டும். அவர் சொன்ன இருபது பாயிண்ட் நாலு, நிமிடக் கணக்கு. போனில் வெறும் புள்ளி வைத்துப் போட்டால் அது டிகிரியைப் பத்தாக, நூறாக உடைத்துப் படித்துக்கொள்ளும். மூன்றரை மணி என்பதை மூன்று புள்ளி முப்பது என்று கணக்கு மிஷினில் போட்டது போல ஆகிவிட்டது. எண்கள் எல்லாமே சரி, எதை எதால் வகுத்தது என்பதுதான் தப்பு. மேஜைமேல் இருந்த கால்குலேட்டரில் இருபது பாயிண்ட் நாலை அறுபதால் வகுத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். பாயிண்ட் முப்பத்து நாலு வந்தது. இன்னொன்றையும் வகுத்துத் திரையில் போட்டேன்.

குறி எண்ணூரை விட்டு எகிறி, வடகிழக்கே, நடுக்கடலில் போய் உட்கார்ந்தது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஒரு பெயர் இல்லை, ஒரு கோடு இல்லை, வெறும் நீலம். கணக்கைச் சரி செய்துவிட்டேன், அது அவரை என்னிடமிருந்து இன்னும் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டது. தப்பான கணக்கே உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நெஞ்சு கெஞ்சியது.

கொழுந்தனிடம் கத்தினேன். "போன்ல இனிமே எதையும் போடாத! அந்தக் குரலை அப்படியே நம்ம ஊர் படகுக்காரங்களுக்குப் போட்டுக் காட்டு. அவங்க மிஷின்லயும் இதே மாதிரிதான் வரும். நின்னுபோன படகு நின்ன எடத்துலயே நிக்காது, தண்ணி வடக்கால இழுக்கும், அதையும் சொல்லு!"

"அது அவங்களுக்குத் தெரியும் அண்ணி" என்றான். குரல் உடைந்திருந்தது. அவனைத் திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன்.

அதற்குமேல் ஆலையில் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டுக் கிளம்பி, மின்சார ரயிலில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் கதவருகே நின்றேன். கவரப்பேட்டையில் வண்டி ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சண்டைக்கே போனேன். வழக்கமாக நிற்கிற நேரம்தான் என்றார் அவர். போனில் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு வந்தேன். விரல்களால் படத்தைச் சுருக்கச் சுருக்கக் கடல் குறுகியது, பழவேற்காடும் அவரும் ஒட்டிக்கொண்டார்கள். மறுபடி விரித்தால் இருவருக்கும் நடுவில் அத்தனை தண்ணீர். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், சுருக்கியே வைத்துக்கொண்டேன். பொன்னேரியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறும்வரை விரலை எடுக்கவில்லை.

ஆட்டோ பாதி வழி வந்தபோது போன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. "கெடச்சிட்டாங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "அந்த எடத்துக்கு வடக்கால. ரெண்டு பேரும் நல்லா கீறாங்களாம்." அல்லாவே என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆட்டோவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

படகைக் கட்டி இழுத்து வந்து சேர்த்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. துறையில் எங்கள் வீட்டுப் பெண்கள் போய் நிற்கிற வழக்கமில்லை. நான் நின்றேன். "நீ ஊட்டுக்குப் போ அண்ணி, நான் அண்ணன இட்டாறேன்" என்று கொழுந்தன் சொன்னது காதில் விழாதது போல இருந்துவிட்டேன். அவர் முழங்கால் தண்ணீரில் தடுமாறி இறங்கினார். முகம் வெந்து கருத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நீ இன்னாத்துக்கு இங்க வந்தே?" என்றார்.

ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று, ஊரே பார்க்க, "எங்க இருந்தே நீ?" என்று கேட்டேன். "எங்க இருந்தே?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாதி திரும்பி, முழுக் கையையும் நீட்டி, "அங்கதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குப் பயமே இல்ல. நம்பரைச் சொல்லியாச்சு, நீ பாத்துக்கினு இருப்பேன்னு தைரியமா இருந்தேன்" என்றார்.

அவர் தைரியமாக இருந்த அந்த நேரமெல்லாம் நான் எண்ணூர்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைதான் வந்தது. சட்டையைப் பிடித்த கையை எடுக்காமல், எல்லாரும் பார்க்க, வீடுவரை அப்படியே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.