ரெஜினாவின் பாவங்கள்

மலேசியாவின் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் பிலோமினா கோபப்பட்டால் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். குறுக்கே வரும் மோட்டார்காரன், பிள்ளையைத் தாமதமாக அனுப்பும் தாய், யாரும் அவளிடம் தப்ப முடியாது. ஐம்பத்தாறு வயதிலும் தொண்டை சளைக்கவில்லை. தங்கை ரெஜினாவிடம் மட்டும் நான்கு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. இருக்கிற கோபத்திலெல்லாம் பெரிய கோபம் அதுதான்.

காரணம் ஊருக்கே தெரியும். தன் வீட்டில் இருந்த அம்மாவை ரெஜினா காஜாங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டாள். பதினோராம் நாள் அம்மா அங்கேயே கண்ணை மூடினாள். அடக்கத்தன்று கல்லறையில் பிலோமினா போட்ட கூச்சலில் சாமியார் ஜெபத்தையே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

இந்த வருடத் திருவருகைக் காலம் அந்தப் புண்ணைக் கிளறிவிட்டது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு மெழுகுவர்த்தி வைத்த பச்சை வளையம் கிறிஸ்துமஸ் வரை வீடு வீடாகப் போகும். ஒரு நாள் வைத்து ஜெபித்தவர்கள் மறுநாள் மாலை தங்கள் கையாலேயே அதை அடுத்த வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். வாட்ஸாப்பில் வந்த பட்டியலில் வியாழன் பிலோமினா, வெள்ளி ரெஜினா.

உடனே அன்பியத் தலைவர் சூசைக்குப் போன் பறந்தது.

"சூசை அண்ணே, வேணும்னே செஞ்சீங்களா? லிஸ்ட மாத்துங்க!"

"லோரோங் வரிசையிலதான்லா போட்டேன். உன் சந்துக்கு அடுத்தது அவ சந்து. நான் என்னம்மா செய்ய?"

"கையில குடுக்க மாட்டேன். கேட்டுல மாட்டிட்டு வந்துருவேன்."

"புதன்கிழமை சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் இருக்கு. மொதல்ல அங்க வா."

போனாள். பிறக்கப்போகும் பாலனுக்கு மனத்தைத் தயார் செய்யுங்கள் என்று பிரசங்கம் வைத்தார்கள். அவள் மனம் நான்கு வருடமாகவே தயாராகத்தான் இருந்தது. பாவங்களைச் சொல்லச் சாமியார் முன் முழந்தாளிட்டதும் கொட்டித் தீர்த்தாள். ரெஜினா அம்மாவை அனாதை மாதிரி விட்டது, அடக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதது, இன்றுவரை ஒரு விளக்கம் சொல்லாதது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள்.

"ஆன்டி," என்றார் இளம் சாமியார் மெதுவாக. "இதெல்லாம் ரெஜினாவோட பாவம். அவங்க வந்து சொல்லட்டும். உங்களோடது என்ன?"

பாவமன்னிப்புக்கூட வாங்காமல் விருட்டென்று எழுந்து வந்துவிட்டாள். நேற்றுக் குருப்பட்டம் வாங்கிய பையனுக்கு எவ்வளவு திமிர்! வழி நெடுக ஹார்ன் அலறியது. ஆனால் சிவப்பு விளக்கில் வேன் நின்றபோது, அந்தக் கேள்வியும் கூடவே நின்றது.

நான்கு வருடத்துக்கு முன் ரெஜினா இதே வேன் கண்ணாடியைத்தான் தட்டினாள். "அக்கா, எனக்கு ஆபரேஷன். ஒரு மாசம் அம்மாவ வெச்சுக்கயேன்." வேன் வேலை இருக்கிறது, முடியாது என்று பிலோமினா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கல்லறையில் அவள் போட்ட கூச்சலில், நீ ஏன் அம்மாவை வைத்துக்கொள்ளவில்லை என்று அவளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்காகத்தான் அவ்வளவு கத்தினோமோ என்று நினைத்தபோது விளக்கு பச்சையானதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வளையத்தோடு போய் ரெஜினா வீட்டு மணியை அடித்தாள். ரெஜினா வந்து கேட்டைத் திறந்து, இரு கைகளையும் நீட்டி வளையத்தைப் பிடித்தாள்.

"நீ மூணு தடவ கேட்ட. நான்தான் முடியாதுன்னேன்," என்று பிலோமினா வெடித்தாள். மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை, மோட்டார்காரனைத் திட்டும் அதே குரல். "அத ஏன்டி யாருகிட்டயும் சொல்லல? நான் அந்தக் கத்து கத்துனப்பகூட ஏன்டி வாயத் தொறக்கல?"

ரெஜினா வளையத்தையே பார்த்தாள்.

"ஹோம் வேணாம், பெரியவ வீட்டுக்குப் போறேன்னு அம்மா அழுதாங்க. அக்காகிட்ட நான் கேக்கவே இல்லன்னு பொய் சொல்லிட்டேன். நீ வேணாம்னு சொன்னது தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. கடைசி வரைக்கும் என் மேலதான் கோவமா இருந்தாங்கக்கா."

பிலோமினா திட்ட வாயெடுத்தாள். எதுவும் வரவில்லை. வளையத்தின் இந்தப் பக்கத்தை அவள் இன்னும் விடாமல் பிடித்திருந்தாள்.