மழைமானிக்குள் கொஞ்சம் தண்ணீர்

அப்பா எங்கள் மலையூரின் வானிலை நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியை அளந்து தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்லவேண்டும். கோடைத் தொடக்கத்தில் இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். மழைக்காலத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். ஆனாலும் பூஜ்யத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

மழைமானியின் வேலியோரம் அம்மா பூச்செடிகள் வைத்திருந்தாள். ஒரு கோடையில் அவள் ஊற்றிய தண்ணீர் உள்ளே தெறித்துவிட, அதை மழையென்று சொல்லி அப்பா அலுவலகத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"உன் பூவால என் பேரே கெட்டுப்போச்சுடி!"

அத்தனை செடியையும் பிடுங்கி எறிந்தார். அதன் பிறகு அந்த வேலிப் பக்கம் அம்மா போகவே இல்லை.

போன மாதம் அம்மா இறந்துபோனாள். இன்று காலை, வெறும் மண்ணாய்க் கிடந்த அந்த வேலியோரத்தில் அப்பா பூவாளியோடு நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு மழைமானியை அளந்துவிட்டுப் போனை எடுத்தார்.

"ரெண்டு மில்லிமீட்டர்."

"இந்த வெயில்ல மழையா சார்?"

"மழை இல்லப்பா. என் வீட்டுக்காரி செடிக்குத் தண்ணி ஊத்தினா. அப்படியே எழுதிக்க."