எழில்மொழிக்காக நவ்ரீன் பேசினாள்

அன்பரசனைப் பற்றி நல்லவிதமாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் அவன் நல்லவன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஆளாக ஏழு வருடம் பாய்லர் சூட்டில் வெந்தவன். பீடி, தண்ணி எதுவும் கிடையாது. தண்டையார்பேட்டையில் நான் வைத்திருந்த டெலிபோன் பூத்துக்கு வந்தால், "சௌக்கத் பாய், இன்னா கதை?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். என் தோஸ்து. அவன் செய்த தப்பில் பாதி என்னுடையது என்பதால் அவனை ரொம்பவும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

மகள் பிறந்ததும் எழில்மொழி என்று பேர் வைத்தான். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ழகரம் வாயில் நுழையாது. அவனுக்கும் நுழையாது. "எயிலு" என்றுதான் கூப்பிடுவான். ஆனால் யாராவது குழந்தையின் பேரைக் கேட்டால், நாக்கை மடக்கி, மூச்சைப் பிடித்து, முழுப் பேரையும் ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுவான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

2001இல் மஸ்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மின்நிலையத்தில் வேலை கிடைத்துப் போனான். இரண்டு வருடத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஆகிவிட்டான். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம், பிள்ளையின் பள்ளிச் செலவு கம்பெனியுடையது என்றார்கள். மனைவி கார்குழலியையும் ஏழு வயது எழிலையும் அழைத்துப் போக 2003 ஏப்ரலில் லீவில் வந்தான். வந்தவன் கையில் இரண்டு பள்ளிக்கூடங்களின் விளம்பரப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று அங்கே நம்மவர்கள் நடத்தும் இந்தியப் பள்ளி. இன்னொன்று பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் நடக்கும் இன்டர்நேஷனல் பள்ளி. வழுவழு காகிதத்தில், பச்சைப் புல்தரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தன.

"நம்மாளுங்க ஸ்கூல்லயே போடேன்பா. தமிழ்ப் புள்ளைங்க இருக்கும்ல?" என்றேன்.

"அதான் பாய் பேஜாரே" என்றான்.

அவனுடைய கன்ட்ரோல் ரூமில் ஒரு தமிழ் இன்ஜினியர் இருந்தாராம். ஒருநாள் இவன் வாக்கிடாக்கியில், "சார், ப்ரஷர் ஏறிகினே கீது சார்" என்று சொல்லியிருக்கிறான். ப்ரஷர் நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, சினிமாவில் ரிக்‌ஷாக்காரன் பேசுவதுபோல அந்த ஆள் இவனைப் பேசிக் காட்ட, ரூமே சிரித்ததாம். அன்றிலிருந்து இவனுக்கு அங்கே "ஏறிகினே கீது" என்றுதான் பேர்.

"அந்தாளு புள்ளைங்க படிக்கிறது இந்த இந்தியன் ஸ்கூல்லதான். என் பொண்ணு வாயத் தொறந்தா அதுங்களும் சிரிக்கும். வெள்ளக்காரனுக்குத் தமிழே தெரியாது பாய். நம்முளுது எந்தத் தமிழுன்னு அவனுக்கு இன்னா தெரியப் போவுது?"

பிரிட்டிஷ் பள்ளியைத் தேடிப் போகிறவர்கள் படிப்பு, விளையாட்டு, லண்டன் காலேஜ் என்று எத்தனையோ காரணம் சொல்வார்கள். இவன் சொன்ன காரணத்தைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டேன். நான் பேசுவதும் அதே தமிழ்தான்.

பிரிட்டிஷ் பள்ளியில் ஒரு ஏற்பாடு. இடம் கொடுப்பதற்கு முன் ஒரு டீச்சர் போன் போட்டுக் குழந்தையோடு பத்து நிமிடம் பேசுவார். எழில் கார்ப்பரேஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. இங்கிலீஷில் "குட் மார்னிங் மிஸ்" வரைக்கும் தெரியும். தமிழில் கேட்டால் நிறுத்தவே முடியாது. என் பூத்தில் ராங் நம்பர் வந்தால்கூட எடுத்து, "நீங்க எந்த ஊரு? உங்க வூட்ல பூனை கீதா?" என்று விசாரிக்கிற பெண்.

யோசனை என்னுடையது. மறைத்து என்ன ஆகப்போகிறது? என் மகள் நவ்ரீனுக்கு ஒன்பது வயது. ராயபுரத்தில் கான்வென்ட்டில் படித்தாள். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. "எங்க நவ்ரீனைப் பேசச் சொல்றேன். குரல்ல வயசு தெரியவா போவுது?" என்றேன். அன்பரசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நண்பனுக்கு உதவுகிறேன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. என் பெண் பேசுவதை ஒரு வெள்ளைக்காரி கேட்கப் போகிறாள் என்ற கர்வம்.

சொன்ன நாளில் காலை பதினொரு மணிக்கு என் பூத்துக்கு போன் வந்தது. பெருமை தாங்காமல் ஸ்பீக்கரைப் போட்டேன். எழில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மை நேம் இஸ் எழில்மொழி" என்று நவ்ரீன் ஆரம்பித்ததும் எழில் சட்டென்று நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான்.

பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, எல்லாவற்றுக்கும் நவ்ரீன் பொரிந்து தள்ளினாள். கடைசியில் அந்த டீச்சர், உன் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நவ்ரீன் விழித்தாள்; ரிசீவரைப் பொத்திக்கொண்டு எங்களிடம் அர்த்தம் கேட்டாள். எழில்தான் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

"எயில்னா அயகு. மொயின்னா பாஷை."

நவ்ரீன் அதை இங்கிலீஷில் சொன்னாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அந்த அழகான பாஷையில் ஏதாவது பேசிக் காட்டேன், கேட்க ஆசையாக இருக்கிறது என்றார். நவ்ரீன் மறுபடி ரிசீவரைப் பொத்திக்கொண்டு அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், "நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்று எழில் ஸ்டூலிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அன்பரசன் எட்டிப் பிடித்து அவள் வாயைப் பொத்தினான்.

குரல் வித்தியாசம் தெரிந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் என்று பிறகு சொன்னான். இருக்கலாம். ஆனால் பேசிக் காட்டு என்றதுமே அவன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அந்த கன்ட்ரோல் ரூமில் நிற்கிறவன்போல நின்றான். நவ்ரீன் பள்ளியில் படித்த ஏதோ ஒரு தமிழ்ப் பாட்டை ஒப்பித்து முடித்தாள்.

நான்காம் நாள் ஃபேக்ஸ் வந்தது. நவ்ரீனுக்கு ட்யூஷன் எடுக்கும் ஃப்ளோரன்ஸ் டீச்சர் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார்; அவரைப் படித்துச் சொல்லச் சொன்னோம். கார்குழலியும் குழந்தையோடு வந்திருந்தாள்.

"சீட்டு கிடைச்சிடுச்சு அன்பு" என்றார் டீச்சர். அன்பரசன் கும்பிட்டான். அவர் மேலே படித்தார். "இங்கிலீஷ் தெரியாம வர்ற பசங்களுக்குத் தனி டீச்சர் போட்டு ஒரு வருஷம் சொல்லித் தர்றாங்களாம். யாருக்கு அது வேணும்னு பார்க்கத்தான் போன்ல பேசினாங்களாம். இங்கிலீஷ் தெரியலன்னு யாரையும் வேணாம்னு சொல்றதில்லையாம். உங்க எழில் ரொம்ப நல்லா பேசறதால தனி டீச்சர் தேவையில்லை, நேரா கிளாஸ்ல உட்காரட்டும்னு எழுதியிருக்காங்க."

அது பரீட்சையே இல்லை. பாஸ், ஃபெயில் இல்லாத ஒரு கேள்வி இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த வழுவழு புத்தகத்திலும் இது எழுதியிருந்ததாம். நாங்கள் படம் பார்த்தோம்.

கார்குழலி கணவனைப் பார்த்தாள். "அங்க யாருக்கும் இந்தப் புள்ள பேசற பாஷை தெரியாது. இதுக்கு அவங்க பாஷை தெரியாது. டீச்சருன்னு ஒருத்தி இருந்தா, அவளையும் வேணான்னுட்டியேய்யா. புள்ள ஒன்னுக்குப் போவணும்னாகூட யாராண்ட கேக்கும்?"

அவன் தலை நிமிரவில்லை. ஃப்ளோரன்ஸ் டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நவ்ரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபேக்ஸை மடித்து மேஜைமேல் வைத்தார். நான் வேலையிருப்பதுபோல ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்தேன்.

மறுநாள் காலை அன்பரசன் குழந்தையோடு வந்தான். சவரம் செய்யவில்லை. "போன் போடு பாய். உண்மைய சொல்லிடறேன்."

அப்போதும் நான் தடுத்தேன். "கெடைச்ச சீட்டு கைய வுட்டுப் பூட்டா? போய்ச் சேந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவன் மகளுக்காகச் சொன்னதுபோல இருக்கும். இல்லை. நான் பெற்ற பெண்ணைப் பொய் சொல்ல வைத்தது வெளியே தெரிய வேண்டாம் என்றுதான் சொன்னேன். இதை எழுதக் கூசுகிறது.

"போடு" என்றான்.

போட்டேன். அன்றைக்குப் பேசிய அதே டீச்சர்தான் எடுத்தார். அன்பரசன் எழுந்து நின்று பேசினான். "மேடம், தட் டே டாக்கிங் கேர்ள், நாட் மை கேர்ள். மை கேர்ள் இங்கிலீஷ் நோ. ஒன்லி தமிழ். மை மிஸ்டேக் மேடம். ஷி நோ மிஸ்டேக்." வியர்த்துக் கொட்டியது. இவ்வளவு நீளமாக அவன் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை.

 பிறகு அந்த அம்மாள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். ரிசீவரை ஒட்டி நின்ற எனக்கே கேட்டுப் புரிந்தது. உங்கள் மகளிடம் போனைக் கொடுங்கள், தமிழிலேயே பேசட்டும், எனக்கு அவள் குரலைக் கேட்க வேண்டும்.

அன்பரசன் ரிசீவரை எழிலின் கையில் கொடுத்தான். குனிந்து, "பேசும்மா. உன் இஷ்டத்துக்குப் பேசு. நைனா ஒன்னியும் சொல்ல மாட்டேன்" என்றான்.

ராங் நம்பர்காரனிடம் பூனையைப் பற்றி விசாரிக்கிற பெண், ரிசீவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். "ஹலோ? ஹலோ?" என்று டீச்சர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எழில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"நைனா, என் பேர நவ்ரீனக்கா சொல்லிடுச்சே. நான் இன்னா பேரு சொல்லணும்?"