ஷுப்ராவில் ஒரு ஃபிலிம் தொட்டி

கவாஜா என்று எல்லோரும் அழைத்த வெளிநாட்டு முதலாளி மார்க்கோவின் ஃபிலிம் கழுவும் கூடத்தில் பதினோரு ஆண்டுகள் இருட்டறையில் வேலை பார்த்தவள் இன்ஸாஃப். ஒரு சுருளில் கீறல் விழுந்தது. விழுத்தியவன் கவாஜா. ஆனால் எல்லோர் முன்னாலும் அந்தச் சுருளைத் தூக்கி அவள் மார்பில் எறிந்தான். அவள் அப்படியே வெளியேறி, கெய்ரோவின் ஷுப்ரா பேட்டையில் ஸென்ஹோமின் சாயப்பட்டறையில் பாதியை வாடகைக்குப் பிடித்தாள். கெய்ரோவில் எடுக்கும் படத்தைக் கழுவக் கவாஜாவின் காலில்தான் விழ வேண்டுமா என்பதே அவள் கோபம்.

முதலில் வந்தவர் படமெடுக்கும் ஃபிக்ரி பே. அவரும் பிரியப்பட்டு வரவில்லை, கவாஜாவோடு சண்டை.

"என் மூணு மாச உழைப்பும்மா இது. கெடுத்தியோ, உன் கதவை உடைச்சுருவேன்."

"உடைக்கிறது இருக்கட்டும். மூணு சுருளையும் வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க."

ஆகஸ்ட் வெயில். ஐஸ் போட்டுக் குளிர்விக்காவிட்டால் மருந்துத் தொட்டி சூடேறிவிடும். ஐஸ் வண்டியோ வாசலில் நிற்காமலே போனது. அவள் ஓடிப்போய் மறித்தாள்.

"இந்த மாச ஐஸ் முழுக்கக் கவாஜா பிடிச்சுட்டாரு. உனக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது," என்று வண்டிக்காரன் பல்லைக் காட்டினான்.

சோதனைக்காக ஒரு சாண் ஃபிலிமை மட்டும் வெதுவெதுப்பான மருந்தில் விட்டுப் பார்த்தாள். பாலாடை போலப் படம் வழுக்கிக் கையோடு வந்தது. ஃபிக்ரி பே தலையில் அடித்துக்கொண்டார்.

"கவாஜா அப்பவே சொன்னான்! துணி துவைக்கிறவகிட்ட சினிமாவைக் கொடுக்காதேன்னு!"

"இங்க நின்னு கத்துனா தொட்டி குளிராது. வெளிய போய்க் கத்துங்க."

மருந்தில் உப்பு கலந்தால் ஃபிலிமின் பூச்சு ஊதிக் கழன்று வராது என்று கூடத்தில் யாரோ பேசியது அவள் நினைவில் இருந்தது. எந்த உப்பு என்பதும் தெரியும். சாயம் ஏற்ற ஸென்ஹோம் மூட்டை மூட்டையாக வைத்திருந்தது அதுதான். அவளைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அவளுடைய நாற்றமடிக்கும் மருந்தால் தன் ஆட்களுக்குத் தலைவலி என்று நாள்தோறும் ஏசுவான்.

"உப்பா? எதுக்கு, ஊறுகாய் போடவா?"

"கவாஜா ஐஸை வளைச்சுட்டான். இருந்தா கொடு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."

ஸென்ஹோம் ஒரு மூட்டையின் கட்டை அவிழ்த்தான்.

"எடுத்துட்டுப் போ. உம்மேல இரக்கப்பட்டு இல்ல. அந்த வண்டிக்காரன் நேத்து என் கழுதையை அடிச்சான்."

உப்பைக் கரைத்து, இன்னொரு சாண் விட்டாள். பூச்சு நின்றது. அப்புறம்தான் மூன்று சுருளையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். காய்ந்ததும் ஃபிக்ரி பே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, குறை தேடிக் கண் வலிக்கப் பார்த்தார். கடைசியில், "கறுப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார். மறுவாரமே மீதி ஒன்பது சுருளும் வந்தன.

அக்டோபரில் கவாஜாவே வந்தான். வாசலில் நின்றபடி தொட்டிகளைக் கண்ணால் அளந்தான்.

"உனக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுத்தது யாருடி?"

"பதினோரு வருஷம் தொட்டியில என் கைதான் கெடந்துச்சு. நீங்க ஒரு நாள் கை நனைச்சதுண்டா? கதவை மறைக்காதீங்க, வெளிச்சம் வரட்டும்."

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அவள் ஒரு வாளித் தண்ணீரைப் படியில் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். இன்னும் இரண்டு வார்த்தை கேட்காமல் விட்டோமே என்றுதான் அவளுக்கு ஆத்திரம்.